பத்து மணிக்குக் காலியாகத் தெரிகிற இடம்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட குமாருக்கு,

வருஷா வருஷம் உன் நினைவு நாளுக்குப் பேப்பரில் போட்டோ போடுவோம். நீ பாலிடெக்னிக் சேரும்போது எடுத்த அதே போட்டோ, கீழே 'உன் பிரிவால் வாடும்' என்று எங்கள் பெயர்கள். இந்த வருஷமும் உன் மச்சான் அதற்குத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்று நான்தான் தடுத்துவிட்டேன். வாடுகிற நிலையில் நான் இல்லை, குமாரு. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

நெசவாளர் சங்கத்து ஆண்டு மலரில் ஒரு பக்கம் கொடுங்கள், என் தம்பிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கேட்டேன். செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்காது போலிருக்கிறது. அடங்காவிட்டால் அவர் பாடு.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பாவடியில் கட்டடம் எழுந்துவிட்டது. தளம் போட்டு, பூசி, சந்தனக் கலரில் பெயின்டும் அடித்தாயிற்று. நெற்றியில் 'நெசவாளர் நலக் கூடம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். நெசவாளர்கள் பாவு நீட்டிக்கொண்டிருந்த இடத்தைப் பிடுங்கி, அங்கேயே நெசவாளருக்கு நலக் கூடம். திறப்பு விழாவுக்குப் பந்தல்கால் நட்டுவிட்டார்கள்.

அதில் எனக்கென்ன அக்கா என்று கேட்பாயா? நீ போட்ட ஊர் மேப்பைப் பார்த்துத்தான் அந்த இடத்தை எடுத்தார்களாம். குழாயடியில் எல்லார் முன்னாலும் எதிர்வீட்டுக் கன்னியம்மா என்னைக் கேட்டாள். "உன் தம்பி போட்ட மேப்புல அது காலின்னு கீதாமே. கூடப் பொறந்தவங்க வயித்துல அடிக்கறதுக்கா அவன் டேப்ப பிடிச்சிகினு தெருத் தெருவா சுத்தினான்?" என்றாள். சிறுவயதில் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள். நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒரு விஷயத்தை இங்கே எழுத வேண்டியிருக்கிறது. பாவடி என்றால் என்ன என்று. ஆரணியில் இதைக்கூடவா எழுதுவார்கள் என்று சிரிப்பார்கள். நீயும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தாய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நம் தெருவுக்குப் பின்னால் நீளவாக்கில் கிடந்த புறம்போக்கு அது. புடவையின் நீளவாட்டு இழைகளான பட்டுப் பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்ட வேண்டும். கஞ்சி தடவி, ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, பதமாகக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளத்துக்கு எங்கே போவது? அதனால் விடிகிற நேரத்தில் பாவடிக்குப் போவோம். இரண்டு முனையிலும் கல், நடுநடுவே பாவைத் தாங்க மூங்கில் கவை, இரண்டு பக்கமும் ஆணும் பெண்ணுமாக நின்று வேலை நடக்கும்.

வெயில் ஏறிவிட்டால் கஞ்சி மொறமொறவென்று இறுகி இழை பட்டுப்பட்டென்று அறும். அதனால் வெயில் உறைப்பதற்குள் பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கவைகளைப் பிடுங்கிச் சுவரோரம் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். பத்து மணிக்கு ஒருவர் அங்கே வந்து நின்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆடு மேயும். மட்டமான மண்தரை தெரியும். ஆபீஸ்காரர்கள் எல்லாரும் பத்து மணிக்குத்தான் வருவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்தத் திட்டம் ஊருக்கு வந்தது உனக்கு நினைவிருக்குமே. வெளிநாட்டுப் பணம். அரிசி மில்லுக்குப் பக்கத்தில் ஒரு மாடியைப் பிடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்தார்கள். படித்துவிட்டுச் சும்மா இருந்த உன்னையும் பஜார் தெரு பர்வீனையும் இன்னும் சிலரையும் ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். என் மகனுக்கு ஏசி ரூம் வேலை என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். "அது கம்ப்யூட்டருக்குப் போட்ட ஏசிமா. பக்கத்துல குந்தினா நமக்கும் கொஞ்சம் அடிக்கும்" என்று நீ சொன்னாய்.

சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எனக்கு விளக்கிச் சொன்னாய். "ஊர அப்படியே கம்ப்யூட்டர்ல போடறோம்க்கா. தெரு ஒரு தாளு, சாக்கட ஒரு தாளு, குழாய் ஒரு தாளு, வீடு ஒரு தாளு. ஒண்ணு மேல ஒண்ணா வெச்சுப் பாக்கலாம், வேணாங்கறத எடுத்துடலாம். தண்ணி எங்க நிக்கும், ரோடு எங்க போடணும், பள்ளிக்கூடம் எங்க கட்டணும், எல்லாம் குந்தின எடத்துலயே தெரியும்." ஜி.ஐ.எஸ். என்று அதற்குப் பெயர் சொன்னாய். எனக்குப் பெயர் மனதில் நிற்கவில்லை. தட்டில் சோறு காய்ந்துபோனது தெரியாமல் நீ பேசியது நிற்கிறது.

பிறகு நீங்கள் அளக்கிற டேப்பைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். எந்த இடம் எதற்குப் பயன்படுகிறது என்று குறிக்கச் சென்னையிலிருந்து ஒரு பட்டியல் வந்தது. வீட்டுக்கு ஓர் எண், கடைக்கு ஓர் எண். கோயில், மசூதி, வயல், குளம், காலி நிலம் என்று எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. பாவடிக்கு இல்லை. அந்தப் பட்டியலை எழுதியவர்கள் பட்டுப் புடவையைப் பார்த்திருப்பார்கள். பாவை எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்?

காலி நிலம் என்று போட்டுவிடச் சொன்னார்கள். நீ முடியாது என்றாய். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். கடைசியில் பட்டியல் முடிகிற இடத்துக்கு அப்பால் ஓர் எண்ணை நீயே எடுத்தாய். அறுபத்தொன்று. அதைப் பாவடிக்குக் கொடுத்தாய்.

கலர் என்ன கொடுக்கலாம் என்று என் மகள் செல்வியைக் கேட்டாய். பாவாடை சட்டை போட்ட வயது அவளுக்கு. "கத்திரிப்பூ கலர் மாமா" என்றாள். அப்புறம் ஒரு நாள் பெரிய மேப் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து நம் வீட்டுத் தரையில் விரித்தாய். ஊரெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. நம் தெருவுக்குப் பின்னால் மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு நீளமான பட்டை. செல்வி அதிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. தறிக்குழிக்குள் கால் வைத்தபடி உன் மச்சான் எட்டிப் பார்த்தார். "பரவால்லடா, ஊருல நாமும் கீறோம்" என்றார்.

அந்த மேப் இப்போது எங்கே என்று கேட்காதே. அம்மா இறந்த வருஷத்து மழையில் பரணில் கரையான் ஏறி எல்லாம் போய்விட்டது.

திட்டம் முடிந்த அன்று மேடை போட்டுப் பேசினார்கள். முன்மாதிரி நகரம் என்றார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் வணக்கம் என்று தமிழில் சொன்னதற்கு அவ்வளவு கைதட்டல். மறுவாரம் திட்டத்து ஜீப் போனது. அதற்கடுத்து ஏசியைக் கழற்றினார்கள். மெஷின்களை ஓர் அரசாங்க ஆபீஸின் பின்கட்டுக்கு மாற்றி, உன்னையும் கூடவே அங்கே அனுப்பினார்கள். ஆபீஸின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அங்கே இன்றைக்கு இருப்பவர்களுக்கு உன்னைத் தெரியாது.

நீ சொன்ன கூத்தையெல்லாம் நான் மறக்கவில்லை. கட்டில் அகலத்துக்கு இருந்த அந்த மேப் அடிக்கிற மெஷினுக்கு மை தீர்ந்துபோனது. மை வாங்க 'ஹெட்' இல்லை என்றார்கள். எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாததால் மெஷினுக்குத் துணி போர்த்தினார்கள். கம்ப்யூட்டர் முதுகில் ஒரு பூட்டு மாட்டினால்தான் மேப் திறக்குமாம். அந்தப் பூட்டு கெட்டுப்போனபோது புதிதாக அனுப்பச் சொல்லிக் கம்பெனிக்கு நீதான் போன் போட்டுக்கொண்டிருந்தாய், அதுவும் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்.

ஆபீஸில் நிரந்தர ஆள் இருவருக்கு வேலையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாய். கற்றுக்கொண்டதும் ஒருவரை வந்தவாசிக்கு மாற்றினார்கள், இன்னொருவரைச் செய்யாறுக்கு. மறுபடியும் இருவர், மறுபடியும் மாறுதல். பர்வீன் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். கடைசியில் நீ ஒருவன்தான் மிச்சம், அதுவும் தினக்கூலிக் கணக்கில்.

அப்போதாவது விட்டுத் தொலைத்திருக்கலாமே, குமாரு. யார் உன்னைக் கட்டிப் போட்டிருந்தார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த டி.வி.எஸ். 50 வண்டியை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவாய். யார் மாடி எடுத்தார்கள், யார் வீட்டைக் கடையாக்கினார்கள், எந்த வயலில் கல் நட்டு மனை போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்து திங்கட்கிழமை மேப்பில் ஏற்றுவாய். வீடு கட்ட அனுமதி கொடுக்கிற மேஜை உனக்கு அடுத்த ரூமில்தான் இருந்தது. அங்கே கையெழுத்தாகிற ஒவ்வொரு பிளானிலும் ஒரு நகல் உன் மேஜைக்கு வந்திருந்தால் நீ வெயிலில் அலைந்திருக்க வேண்டாம். எழுதிக் கேட்டாய். ஃபைல் போனது, திரும்பி வரவில்லை.

"இன்னாத்துக்குடா இந்தப் பாடு?" என்று நான் கத்தினேன். "மேப்புங்கறது ஒரு வாட்டி போட்டு மாட்ற போட்டோ இல்லக்கா. வாசல் மாதிரி தெனம் பெருக்கணும். ரெண்டு மாசம் உட்டா பழசாயிடும், ரெண்டு வருசம் உட்டா பொய் பேசும்" என்றாய். பொய் பேசும் என்று அன்றைக்கே சொன்னாய் பார். அதைத்தான் இப்போது தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

போளூரில் உனக்குப் பெண் பார்க்கப் போனோமே. பெண்ணின் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், மாப்பிள்ளை வேலை நிரந்தரமா என்று. நீ மறைக்கவில்லை. "மேப்பு பர்மனென்ட்டுங்க, நான் டெம்பரவரி" என்று சிரித்தாய். அவர்கள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாய்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன காமாலை. கண் மஞ்சளாக இருக்கிறது, ஆபீஸ் போகாதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். பாதி வார்டு ஏற்றிவிட்டேன், மீதியை ஏற்றிவிட்டு லீவு போடுகிறேன் என்றாய். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தேன், வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எல்லாம் தாமதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "அக்கா, மேப்பு தொறக்கற பாஸ்வேர்டு உனுக்கு மட்டும் சொல்றேன். ஆபீஸ்லேர்ந்து வந்து கேட்டா குடு" என்றாய். அது யார் பெயர் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

யாரும் வரவில்லை, குமாரு. உன் காரியத்துக்கு மாலையோடு வந்த ஆபீஸ்காரர்கள்கூடக் கேட்கவில்லை. மாதங்கள் போயின, வருஷங்கள் போயின. வாசலில் பேன்ட் சட்டை போட்ட ஆள் யாராவது நின்றால், ஆபீஸ்காரராக இருக்குமோ என்று எழுந்து போவேன். இன்றுவரை உன் பாஸ்வேர்டை என்னிடம் கேட்டவர் ஒருவரும் இல்லை.

சரி, கூடத்து விஷயத்துக்கு வருகிறேன். கடைக்கால் தோண்டிய அன்று நாங்கள் வழக்கம்போல் விடியலில் பாவோடு போனோம். பொக்லைன் நின்றுகொண்டிருந்தது. அதன் நிழலில் அன்றைய பாவை முடித்துக்கொண்டு வந்தோம். மனு எழுதினோம். பட்டா இருக்கிறதா என்று கேட்டார்கள். புறம்போக்குக்கு ஏது பட்டா? உங்களுக்காகத்தானே கட்டுகிறோம், பயிற்சி நடக்கும், மருத்துவ முகாம் நடக்கும் என்றார்கள். நம்மிலேயே பாதிப் பேர், போகட்டும், கல்யாணம் காதுகுத்து நடத்தலாம் என்று சமாதானம் ஆகிவிட்டார்கள்.

இப்போது பாவை எங்கே நீட்டுகிறோம் தெரியுமா? சைக்கிளில் கட்டிக்கொண்டு முள்ளிப்பட்டுப் பாவடிக்குப் போகிறோம். அங்கே அந்த ஊர் நெசவாளர்கள் வேலை முடிந்து நமக்கு இடம் விடுவதற்குள் வெயில் வந்துவிடுகிறது. மற்ற நாளில் தெருவிலேயே கட்டுகிறோம். ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான், "ஜல்தி சுருட்டுமா, பள்ளிக்கூடத்துப் பசங்க கீது" என்கிறான். அவன் மேலும் தப்பு இல்லை. போன மாதம் ஒரு பைக் உள்ளே புகுந்து உன் மச்சானின் பாவு பாதிக்குப் பாதி போனது. அதில் அறுந்த இழைகளை முடிந்து முடிந்து அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது.

குழாயடியில் கன்னியம்மா அப்படிக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையிலேயே நீ காலி என்று போட்டுவிட்டாயா? அந்தக் கத்திரிப்பூ பட்டையை நான் கண்ணால் பார்த்தேனே. ஆபீஸுக்கே போனேன். தெள்ளாரிலிருந்து மாறுதலாகி வந்த இளம் இன்ஜினியர் இருந்தார். நல்ல பிள்ளை. நாற்காலி போடச் சொன்னார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நம் தெரு இருந்தது. பின்னால் பாவடி இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

"காலி இடம்னுதாம்மா சிஸ்டத்துல இருக்கு. அத மட்டும் நம்பல, நானே நேர்லயும் வந்து பார்த்தேன்" என்றார்.

"எத்தினி மணிக்குங்க வந்தீங்க?"

"பத்து, பத்தரை இருக்கும்."

நான் விளக்கிச் சொன்னேன். அவர் முகம் மாறியது, பொய் சொல்லக்கூடாது. "யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம்மா. எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியல. அடுத்த வருஷம் நானே இங்க இருக்க மாட்டேன்" என்றார். பழைய மேப்பைக் காட்டுங்கள் என்றேன். புதுத் திட்டம் வந்தபோது பழைய மெஷின்களை ஏலத்தில் கழித்துவிட்டார்களாம். உன் நாற்காலியும் போய்விட்டது.

பதில் பர்வீனிடம் இருந்தது. ரம்ஜானுக்கு ஊருக்கு வந்தவள் பிரியாணியோடு நம் வீட்டுக்கு வந்தாள். உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கேட்டதும் உட்கார்ந்து சொன்னாள். பழைய மேப்பைப் புதுத் திட்டத்துக்கு மாற்றிக் கொடுத்த சென்னைக் கம்பெனியில் அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி வேலை செய்தாளாம். பாஸ்வேர்டு இல்லாமலே மேப்பைத் திறக்கிற வழி அந்தக் கம்பெனியில் இருந்ததாம்.

"பட்டியல்ல இல்லாத நம்பர் வந்தா மெஷின் நிக்கும்க்கா. அது என்னன்னு யாரையாவது கேக்கணும். கேக்கறதுக்கு ஊர்ல ஆள் இல்ல, குமார் பூட்டாரு. வேலைய ஜல்தி முடிக்கணும். அதனால தெரியாத நம்பர் எல்லாம் காலி எடம்னு எடுத்துக்கன்னு மெஷினுக்குச் சொல்லிட்டாங்க. அறுபத்தொண்ணு அதோட பூடுச்சு. யாரும் வேணும்னு அழிக்கலக்கா. அதான் பேஜாரு. அழிச்சவன் ஒருத்தன் இருந்தா சட்டையப் பிடிக்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. என் தம்பி போடவில்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். தயங்கித்தான் சொன்னாள்.

"நான் போகும்போதே சொன்னேன்க்கா. அறுபத்தொண்ணுன்னா இன்னான்னு ரெண்டு வரி எழுதி மேப்போட சேத்து வையுங்கன்னு. சிரிச்சாரு. ஆரணில பாவடி தெரியாதவன் எவன் கீறான், இத்தப் போயி எழுதச் சொல்றியேன்னாரு."

ஏண்டா? ஏண்டா எழுதவில்லை? ஊர் முழுக்க எந்த வீட்டில் எத்தனை ஜன்னல் என்று எழுதினாய், இரண்டு வரி எழுத உனக்கு என்ன வந்தது? நீயே இருப்பாய் என்று நினைத்தாயா? எல்லா மேஜையிலும் ஆரணியில் பிறந்தவனே உட்காருவான் என்று நினைத்தாயா? பிறந்ததிலிருந்து பாவுக்கு நடுவில் ஓடி விளையாடியவன் நீ. பாவடியைத் தெரியாத மனிதர் ஒருவர் உலகத்தில் இருக்க முடியும் என்பதே உனக்குத் தோன்றவில்லை. உன்னை அன்றைக்கு நேரில் பார்த்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். பர்வீன் போன பிறகு உன் படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். சாயங்காலம் நானே திருப்பினேன்.

ஆனால் உன்னை மட்டும் திட்டி என்ன பண்ண? அவ்வளவு பணத்தைக் கொட்டியவர்கள் ஒரே ஒரு நிரந்தர வேலையை உனக்குப் போட்டிருக்கக்கூடாதா? மைக்கும் பூட்டுக்கும் வருஷா வருஷம் ஒரு தொகை என்று எழுதி வைத்திருக்கக்கூடாதா? நீ படுத்த அன்றே உன் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்படி செய்திருக்கக்கூடாதா? மேப் போடுவதற்கு ஆள், பணம், ஜீப், வெள்ளைக்காரர் எல்லாம் இருந்தது. போட்ட மேப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு தினக்கூலி. அவனும் செத்துப்போனான். இப்போது ஊர் அவனைத் திட்டுகிறது.

நீ எழுதாததை நான் இங்கே எழுதுகிறேன். அச்சில் இருக்கட்டும். அறுபத்தொன்று என்றால் பாவடி. விடியலிலிருந்து வெயில் உறைக்கும் வரை நெசவாளர் பாவு நீட்டிக் கஞ்சி போடும் இடம். மற்ற நேரத்தில் காலியாகத் தெரியும். அதில் எதையும் கட்டக்கூடாது. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இனி கேட்டால் உனக்கே ரத்தம் கொதிக்கும். போன வாரம் விழா அழைப்பிதழோடு வீட்டுக்கு வந்தார்கள். இடத்தைத் தேர்வு செய்ய உதவிய மேப் உன்னுடையது என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்களாம். மேடையில் உன் பெயரைச் சொல்லி எனக்குச் சால்வை போர்த்தப்போகிறார்களாம். பாஸ்வேர்டு கேட்க வராத ஆபீஸிலிருந்து சால்வையோடு வருகிறார்கள். போன விழாவில் போர்த்திய சால்வையைப் பார்த்திருக்கிறேன். சூரத்துப் பாலியஸ்டர். நெசவாளருக்குப் போர்த்துகிறார்கள் அதை. வர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். செல்வி முந்திக்கொண்டாள். "அம்மா வருவாங்க சார். எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள். பத்து மணிக்கு என்றார்கள்.

அவர்கள் போனதும் அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். எந்தப் பெட்டி என்று உனக்குத் தெரியும். தாய்மாமன் சீராக அவள் கல்யாணப் புடவைக்கென்று நீ வாங்கி, கத்திரிப்பூ நிறத்தில் சாயம் தோய்த்து, ஓட்டிப் பாவாக்கிக் கொண்டுவந்து கொடுத்தாயே, அந்தப் பட்டு. சம்பளம் வராத மாதத்தில் எப்படி வாங்கினாய் என்று நான் சண்டை போட்டேன். தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் தறியில் ஏற்றுவதாக இருந்தோம்.

"இந்தப் பாவ அங்க நீட்டுமா" என்றாள்.

"பத்து மணி வெயிலுல நீட்டினா பட்டு தாங்குமாடி? ஒரு இழ மிஞ்சாது."

"மிஞ்ச வேணாம். மாமா மேல பழி கீது. அத்த வெச்சிகினு அவரு வாங்கின பொடவைய நான் எப்படிமா கட்டுவேன்? வேற பொடவ நெய்ஞ்சிக்கலாம்."

உன் மச்சான் எழுந்து வெளியே போனார். நெசவுக்காரன் நல்ல பாவைக் கெடுக்க எப்படி ஒத்துக்கொள்வான்? எழுந்து வெளியே போனார். அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் திரும்பி வந்தபோது கையில் பழைய கவைகள் இருந்தன. பாவடிச் சுவரோரம் கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கன்னியம்மாவிடம் போய் அறுபத்தொன்று கதையை நானே சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கஞ்சி நான் காய்ச்சறேன்டி" என்றாள்.

இந்த மலரும் அன்றைக்கு அதே மேடையில்தான் வெளியாகப் போகிறது. செயலாளர் இந்தக் கடிதத்தைப் போடுவாரா என்று தெரியாது. போடவில்லை என்றால் ஜெராக்ஸ் எடுத்து நானே கையில் கையில் கொடுப்பேன்.

உனக்கு நான் தருகிற வாக்கு இதுதான், குமாரு. கார்கள் வருகிற நேரத்தில், கேட்டிலிருந்து மேடைப் படிவரைக்கும் உன் பாவை இழுத்துக் கட்டுவோம். கஞ்சி போடுவோம், இழை பிரிப்போம், விடியலில் செய்கிற அத்தனையையும் பத்து மணிக்குச் செய்வோம். வெயிலில் இழை அறுகிற சத்தம் அவர்கள் காதில் விழட்டும். கட்டடத்தை இடிக்கப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் உன் மேப்பில் இருந்த கத்திரிப்பூ பட்டை ஒரு நாளாவது அதே இடத்தில், அதே நீளத்தில், தரையில் இருக்கும். அது அறுந்து முடிகிறவரை சால்வைக்கு நான் தோளைக் கொடுக்க மாட்டேன்.

உன்னை இடுப்பில் சுமந்து அந்தப் பாவடியில் நடைபழக்கிய,
உன் அக்கா.